பழைய ராஜாவை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள் புதிய ராஜாவுக்குச் சத்தியம் செய்ய மறுத்தது ஏன்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1688-ல் இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னருடைய கட்டளைக்குப் பணியாமல் லண்டன் டவர் சிறைக்குப் போன பிஷப்புகளில் பெரும்பாலோர், மறுவருஷமே, அந்த ஜேம்ஸைத் துரத்திவிட்டு வந்த புதிய மன்னர் வில்லியமுக்கு ராஜவிசுவாசச் சத்தியம் செய்ய மறுத்துப் பதவியையும் இழந்தார்கள். ஜேம்ஸ் கத்தோலிக்கர், வில்லியம் இவர்களைப் போலவே புராட்டஸ்டன்ட். அப்படியிருக்க இது முன்னுக்குப் பின் முரண் இல்லையா, இத்தனை பேர் பிழைப்பை இழந்ததால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதுதானே உங்கள் கேள்வி?

இறையியல் கல்லூரியில் பல வருஷம் திருச்சபைச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். பாடப்புத்தகங்கள் இவர்களைப் பழைய ராஜாவின் ஆட்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவதால் வரும் குழப்பம் இது. என் பதில்: முரண் இல்லை. 1688-ல் மறுத்ததும் 1689-ல் மறுத்ததும் ஒரே கொள்கைதான். அந்தக் கொள்கை சரியா என்பது வேறு கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் 1688. ஜேம்ஸ் தன் பிரஜைகளில் கத்தோலிக்கருக்கும், அரசுத் திருச்சபையில் சேராத மற்றவர்களுக்கும் வழிபாட்டு உரிமை கொடுத்து ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதை எல்லா ஆலயங்களிலும் ஆராதனை நேரத்தில் குருமாரே வாசிக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். கான்டர்பரி ஆர்ச்பிஷப் வில்லியம் சான்கிராஃப்ட் தன் கையாலேயே ஒரு விண்ணப்பம் எழுதினார். பார்லிமென்ட் போட்ட சட்டத்தை ராஜா தன் இஷ்டத்துக்கு நிறுத்திவைக்க முடியாது, ஆகவே இதை வாசிக்க எங்களால் ஆகாது என்பது அதன் சாரம். சான்கிராஃப்ட் அரண்மனைக்குப் போகத் தடை இருந்ததால், அதில் அவரோடு சேர்ந்து கையெழுத்திட்ட மற்ற ஆறு பிஷப்புகளும் மே 18 அன்று இரவு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஜேம்ஸ் படித்துவிட்டு, இது கலகக் கொடி என்று கத்தினார். தங்களை மதிக்கிறோம், ஆனால் தேவனுக்குப் பயப்படுகிறோம் என்ற பதில் வந்தது. ஏழு பேரும் டவருக்குப் போனார்கள். ஜூன் 30 அன்று ஜூரிகள் குற்றமில்லை என்று சொன்னபோது லண்டன் தெருவெல்லாம் கொண்டாட்டம். ஹவுன்ஸ்லோ முகாமில் ராஜாவின் சொந்தப் படைவீரர்களே ஆரவாரம் செய்தார்கள், ராஜா பக்கத்தில் இருக்கும்போதே.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் கொடுத்தது வழிபாட்டு உரிமை, எதிர்த்தவர்கள் பிஷப்புகள். இன்று படிக்கிற நமக்கு இது சங்கடமாக இருக்கும், இருக்கவும் வேண்டும். சட்டத்தை மீறி அதைக் கொடுக்கிற ராஜா நாளைக்குச் சட்டத்தை மீறி வேறு எதையும் செய்யலாம் என்ற பயம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. அதோடு, தங்கள் திருச்சபையின் தனிச்சலுகை போய்விடும் என்ற கவலையும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி கலந்துதான் இருந்தன.

இப்போது கொள்கை. அந்தத் தலைமுறை குருமார் சின்ன வயதில் உள்நாட்டுப் போரைப் பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர்களிடம் வளர்ந்தவர்கள். 1649-ல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியது அவர்களுக்கு மறக்க முடியாத பாவம். 1660-ல் முடியாட்சி திரும்பிய பிறகு பிரசங்க மேடைகளில் திரும்பத் திரும்ப ஒலித்த வசனம் ரோமர் 13: எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன். சரி, ராஜா தேவனுடைய கட்டளைக்கு விரோதமாக ஒன்றைச் செய்யச் சொன்னால்? செய்யாதே. அதற்குத் தண்டனை கொடுத்தால்? வாங்கிக்கொள். ராஜாவுக்கு எதிராக வாளை எடுக்கலாமா? கூடாது. அவரை இறக்கிவிட்டு வேறொருவரை உட்காரவைக்கலாமா? அதுவும் கூடாது. இதுதான் அவர்கள் போதித்த முழுப் பாடம்.

இந்தப் பாடத்தை இரண்டு வருஷத்துக்கும் பொருத்திப் பாருங்கள். 1688-ல் கட்டளையை நிறைவேற்ற மறுத்தார்கள், ஆயுதம் எடுக்கவில்லை, விண்ணப்பம் கொடுத்தார்கள், சிறைக்கு அனுப்பியபோது முரண்டாமல் போனார்கள். 1689-ல் ராஜாவை மாற்ற நமக்கு உரிமை கிடையாது என்றார்கள். முதல் பாதியைப் பார்த்து அவர்களை வீரர்களாகத் தூக்கிவைத்த மக்கள், இரண்டாம் பாதியும் அதே பாடத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். டவருக்குப் போன ஏழு பேரில் ஐந்து பேர், அதாவது சான்கிராஃப்ட், தாமஸ் கென், பிரான்சிஸ் டர்னர், தாமஸ் ஒயிட், ஜான் லேக் ஆகியோர், வில்லியமுக்குச் சத்தியம் செய்யவில்லை. செய்தவர்கள் இரண்டே பேர்.

அப்புறம் சத்தியம் என்ற விஷயம். இவர்கள் எல்லோருமே குருப்பட்டம் பெறும்போதும் பதவி ஏற்கும்போதும் ஜேம்ஸுக்கோ அவருக்கு முந்தைய மன்னருக்கோ ஆணையிட்டவர்கள். அந்தப் பழைய சத்தியத்தில் ராஜாவோடு அவருடைய வாரிசுகளும் சேர்த்தி. ஜேம்ஸ் உயிரோடு பிரான்சில் இருக்கிறார், 1688 ஜூனில் அவருக்கு ஓர் ஆண் குழந்தையும் பிறந்திருக்கிறது. தேவனைச் சாட்சியாக வைத்து ஒருவருக்குச் சொன்ன வார்த்தையை, அந்த ஆளே நம்மை விடுவிக்காதபோது, இன்னொருவருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஜேம்ஸ் நல்லவரா கெட்டவரா என்பதே இந்தக் கேள்வியில் வரவில்லை. ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறவன் என்று 15-ஆம் சங்கீதம் சொல்கிறதே, அதை அப்படியே எழுத்துப்படி எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

1688 நவம்பர் 5-ல் வில்லியம் படையோடு வந்து இறங்கினார், டிசம்பரில் ஜேம்ஸ் பிரான்சுக்குத் தப்பினார், மறு பிப்ரவரி 13-ல் வில்லியமுக்கும், ஜேம்ஸின் மகளான அவர் மனைவி மேரிக்கும் முடி வழங்கப்பட்டது. இடையில் ஒரு நடுவழி இருந்ததை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஜேம்ஸ் பெயரளவில் ராஜாவாக இருக்கட்டும், ஆட்சியை அவர் சார்பில் ஒரு பிரதிநிதி நடத்தட்டும் என்பது அது. சான்கிராஃப்ட் விரும்பியதும் அதைத்தான். பிரபுக்கள் சபையில் ஜனவரி 29 அன்று ஓட்டெடுப்பில் 49-க்கு 51 என்று அது தோற்றது. சான்கிராஃப்ட் சபைக்கு வரவே இல்லை! ஆர்ச்பிஷப்பின் இருப்பிடமான லாம்பெத் மாளிகையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தோற்ற ஒரு தீர்மானத்துக்கு நாட்டின் முதல் பிஷப் வந்து எழுந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அது அவர் செய்த பெரிய பிழை என்றே நான் நினைக்கிறேன். மனசாட்சிக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தவர், அந்த மனசாட்சி கேட்ட வழி ஜெயிக்க வாய்ப்பிருந்த ஒரே நாளில் ஒதுங்கிவிட்டார். வில்லியம் நியமித்த கில்பர்ட் பர்னெட்டை பிஷப்பாக அபிஷேகம் செய்யத் தன் கையை வைக்க மாட்டேன் என்றவர், மற்ற பிஷப்புகள் செய்யலாம் என்று அனுமதிப் பத்திரம் மட்டும் கொடுத்தார். இதையும் என்னால் ஆதரிக்க முடியவில்லை.

புதிய சத்தியம் ஒரே ஒரு வாக்கியம்: வில்லியம் மன்னருக்கும் மேரி அரசிக்கும் உண்மையாகவும் விசுவாசமாகவும் இருப்பேன் என்று மனப்பூர்வமாக வாக்களித்து ஆணையிடுகிறேன். பழைய சத்தியத்தில் இருந்த 'உரிமையுள்ள, சட்டப்படியான' ராஜா என்ற சொற்களை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். தயங்குகிறவர்கள் உள்ளே வர ஒரு கதவு அது. உரிமை யாருக்கு என்று நீங்கள் சொல்ல வேண்டாம், இப்போது சிம்மாசனத்தில் இருப்பவருக்கு அடங்கி நடப்பேன் என்று சொன்னால் போதும் என்பது அர்த்தம். 1689 ஆகஸ்ட் 1-க்குள் செய்யாவிட்டால் தற்காலிக நீக்கம், அதன்பின் ஆறு மாதம் அவகாசம், அதிலும் செய்யாவிட்டால் 1690 பிப்ரவரி 1 முதல் பதவி பறிபோகும். நீக்கப்படுகிறவர்களில் பன்னிரண்டு பேருக்கு மட்டும், அதுவும் ராஜா விரும்பினால், பழைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம் என்று சட்டத்தில் இடம் வைத்தார்கள். மனைவி பிள்ளைகளோடு கிராமத்துக் குருமனையில் இருந்த ஒருவருக்கு அந்தப் பிப்ரவரி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீடு, சம்பளம், செய்யத் தெரிந்த ஒரே வேலை மூன்றும் ஒரே நாளில் போகின்றன.

எத்தனை பேர் என்று கேட்டால், பிஷப்புகளைப் பொறுத்தவரை கணக்கு உறுதியானது. மறுத்தவர்கள் ஒன்பது பேர், அவர்களில் மூன்று பேர் நீக்கம் அமலுக்கு வருமுன்பே இறந்துவிட்டதால் பதவி பறிக்கப்பட்டவர்கள் ஆறு பேர். மற்ற குருமாரின் எண்ணிக்கையைச் சுமார் 400 என்பார்கள். இதைச் சுமார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், முதலில் மறுத்துப் பின்னால் செய்தவர்கள், முதலில் செய்துவிட்டுப் பின்னால் வருந்தி விலகியவர்கள் என்று இரண்டு பக்கமும் ஆள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். எப்படிப் பார்த்தாலும் மிகப் பெரும்பாலான குருமார் சத்தியம் செய்தார்கள். ஆலயத்துக்கு வந்த சாதாரண மக்களில் எத்தனை பேர் இவர்கள் பின்னால் போனார்கள் என்பதற்கு ஆதாரமான பட்டியல் கிடையாது. யாராவது துல்லியமான எண் சொன்னால் நம்பாதீர்கள். மேரி அரசி ஆர்ச்பிஷப்பிடம் ஆசீர்வாதம் கேட்டு ஆள் அனுப்பியதாகவும், முதலில் உங்கள் தகப்பனிடம் வாங்குங்கள், அது இல்லாமல் என் ஆசீர்வாதம் பலிக்காது என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அவருடைய குணத்துக்குப் பொருந்துகிறது, ஆனாலும் கதை என்ற அளவில் வைத்துக்கொள்வதே நல்லது.

சத்தியம் செய்தவர்கள் எல்லோரும் பதவிக்காகத்தான் செய்தார்கள் என்று எழுதிவிடுவது சுலபம், நியாயம் ஆகாது. நாட்டில் ஒழுங்கு வேண்டும், ராஜா ஓடிப்போய்விட்டார், ஆட்சி காலியாக இருக்க முடியாது என்று உண்மையாக நினைத்தவர்கள் பலர். இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது வில்லியம் ஷெர்லக் விஷயம். இவர் முதலில் மறுத்தவர்களில் பெயர் பெற்றவர். 1690-ல் சான்கிராஃப்ட், அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபை மன்றத்தில் தயாரான, பிஷப் ஓவரல் பெயரால் அறியப்படும் ஒரு பழைய ஆவணத்தைத் தங்கள் தரப்புக்கு வலு சேர்க்கும் என்று நம்பி அச்சிட்டார். அதிலேயே ஓரிடத்தில், அநியாயமாக வந்த ஆட்சியாக இருந்தாலும் அது நிலைபெற்றுவிட்டால் தேவனுடைய அதிகாரமாக எண்ணிப் பணிய வேண்டும் என்று இருந்தது. ஷெர்லக் அதைப் படித்து மனம் மாறினேன் என்று சொல்லிச் சத்தியம் செய்தார், 1691-ல் லண்டன் செயின்ட் பால் ஆலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு ஆனார். அயர்லாந்தில் வில்லியமோடு நடந்த பாய்ன் போரில் ஜேம்ஸ் தோற்றதும் அதே 1690-ல்தான். அவரை மாற்றியது புத்தகமா, போர்க்களமா, பதவியா? அந்தக் காலத்து ஆட்கள் வேண்டிய அளவுக்குக் கேலி செய்தார்கள். அவர் எழுதிய வாதத்தை நான் படித்திருக்கிறேன், நிஜமாகவே உழைத்து எழுதியது, வெறும் சாக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுத்தவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதில்தான் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது. சான்கிராஃப்ட் 1691 ஜூனில் லாம்பெத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, தான் பிறந்த சஃபோக் மாவட்டத்துக் கிராமமான ஃபிரெசிங்ஃபீல்டுக்குப் போய் 1693-ல் அங்கேயே இறந்தார். பாத் அண்ட் வெல்ஸ் பிஷப் தாமஸ் கென் தன் ஆலயத்தில் தன் ஆசனத்திலிருந்தே எதிர்ப்பை வாசித்துவிட்டுக் கிளம்பினார். கையிலிருந்த 700 பவுண்டை நண்பரான வெய்மவுத் பிரபுவிடம் கொடுத்து, வருஷத்துக்கு 80 பவுண்டு வாங்கிக்கொண்டு அவருடைய லாங்லீட் மாளிகையில் தங்கினார். வறுமையில் விழுந்த சக குருமாரின் குடும்பங்களுக்காக நிதி திரட்டும் வேண்டுகோளில் கையெழுத்திட்டதற்காக 1696-ல் அரசாங்கம் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. ஏழைகளுக்குப் பணம் கேட்டது ராஜதுரோகமா என்ற நிலைக்கு வந்துவிட்டது காரியம். விசாரித்துவிட்டு விட்டார்கள்.

அவர் இடத்தில் வைக்கப்பட்ட பிஷப் ரிச்சர்ட் கிடர் 1703 நவம்பரில் வீசிய பெரும் புயலில், வெல்ஸ் அரண்மனையின் புகைபோக்கி இடிந்து விழுந்து மனைவியோடு இறந்தார். அப்போது, வில்லியமுக்குப் பின் பட்டத்துக்கு வந்திருந்த ஆன் அரசி, பதவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கென்னிடம் சொல்லியனுப்பினார். அவர் வேண்டாம் என்றார். தன் நண்பர் ஜார்ஜ் ஹூப்பர் அந்த இடத்துக்கு வந்ததும், தன் உரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தார். சண்டை தன்னோடு முடியட்டும் என்று அவர் நினைத்தார்.

ஆனால் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை, கொள்கை தடம் மாறியது இங்கேதான். பிஷப்பை நீக்கப் பார்லிமென்டுக்கு அதிகாரம் இல்லை, திருச்சபைதான் நீக்க முடியும், ஆகவே புதிதாக வந்தவர்கள் பிஷப்புகளே அல்ல என்று ஒரு தரப்பு வாதிட்டது. ஜேம்ஸின் சம்மதத்தைப் பிரான்சிலிருந்து வாங்கிவந்து, 1694 பிப்ரவரி 24 அன்று ஜார்ஜ் ஹிக்ஸ், தாமஸ் வாக்ஸ்டாஃப் என்ற இருவரை ரகசியமாக பிஷப்புகளாக அபிஷேகம் செய்தார்கள். கென் இதை விரும்பவில்லை. மனசாட்சிக்காகப் பதவியை விடுவது ஒன்று, அதற்காக ஒரு மாற்றுத் திருச்சபையை நிறுவுவது இன்னொன்று. முதலாவதில் நான் அவர்கள் பக்கம், இரண்டாவதில் கென் பக்கம். சிலர் அரசியல் சதியின் ஓரத்துக்கே போய்விட்டார்கள். வில்லியமைக் கொல்லத் திட்டமிட்ட வழக்கில் 1696-ல் தூக்குக்குப் போன இரண்டு பேருக்கு, சத்தியம் செய்ய மறுத்த குருவானவர் ஜெரமி காலியர் தூக்குமேடையிலேயே, கூட்டத்தின் முன்னால், கைவைத்துப் பாவமன்னிப்பு கூறினார். சாகப்போகிறவனுக்குக் குருவானவர் செய்யும் கடமை என்பது அவர் வாதம். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

1701-ல் ஜேம்ஸ் இறந்தபோது பலருக்குச் சிக்கல் தானாகவே தீர்ந்திருக்கலாம், ஏனென்றால் ஆணையிடப்பட்ட ஆளே இல்லை. ஆனால் பிரான்ஸ் மன்னர் அவர் மகனை இங்கிலாந்தின் ராஜா என்று அறிவித்ததால், பார்லிமென்ட் இன்னொரு சத்தியத்தைக் கொண்டுவந்தது. இந்தத் தடவை முன்பு எடுத்துவிட்ட 'உரிமையுள்ள, சட்டப்படியான' என்ற சொற்கள் திரும்ப உள்ளே வந்தன, ஜேம்ஸின் மகனுக்கு எந்த உரிமையும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். திறந்துவைத்திருந்த கதவை அவர்களே சாத்திவிட்டார்கள். 1714-ல் ஜார்ஜ் மன்னர் வந்தபின் இந்தச் சத்தியத்தை மறுத்துத்தான் வில்லியம் லா கேம்பிரிட்ஜ் எம்மானுவேல் கல்லூரியில் தன் பதவியை இழந்தார். பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியையே அசைத்த பக்தி எழுத்தாளர் அவர்தான்.

கடைசியாக, இதனால் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் இவர்கள் குழு வழிபாட்டு முறைகளைப் பற்றித் தங்களுக்குள்ளேயே சண்டையிட்டுப் பிரிந்து, 1805 வாக்கில் மறைந்துவிட்டது. நம் ஊருக்கு ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. இவர்கள் தரப்பில் 1710 வரை நின்ற ராபர்ட் நெல்சன் என்ற பக்தர், கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கத்தில் முனைப்பாக உழைத்தவர். தரங்கம்பாடியில் சீகன்பால்குக்கு அச்சு இயந்திரம் அனுப்பியது அந்தச் சங்கம்தான்.

நிலைத்தது ஸ்காட்லாந்தில்தான். அங்கே பிஷப்புகள் ஒருவர்கூட வில்லியமுக்கு இணங்கவில்லை, 1689-ல் பிஷப் முறையே ஒழிக்கப்பட்டது. 1746-க்குப் பிறகு சத்தியம் செய்யாத குருவானவர், வீட்டாரைத் தவிர நான்கு பேருக்கு மேல் வைத்து ஆராதனை நடத்தினாலே குற்றம். அப்படியும் அந்தச் சிறு சபை பிஷப் வரிசையை விடாமல் காத்தது. அமெரிக்கா சுதந்திரம் பெற்றபின் கனெக்டிகட் குருமார் சாமுவேல் சீபரியைத் தங்கள் பிஷப்பாகத் தேர்ந்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே முடியாது என்றுவிட்டார்கள், காரணம், அபிஷேகம் பெறுகிறவர் பிரிட்டிஷ் ராஜாவுக்கு ஆணையிட வேண்டும் என்பது சட்டம், வேறு நாட்டுக் குடிமகன் அதைச் செய்ய முடியாது. சீபரி வடக்கே போனார். 1784 நவம்பர் 14 அன்று அபர்டீனில், பிஷப் ஜான் ஸ்கின்னர் வீட்டு மாடியில் இருந்த ஆராதனை அறையில், அந்தச் சத்தியத்தைச் செய்யாத மூன்று ஸ்காட்லாந்து பிஷப்புகள் அவர்மேல் கைவைத்து அபிஷேகம் செய்தார்கள். 1786-ல் பிரிட்டிஷ் பார்லிமென்டே ஒரு சட்டம் போட்டது, வெளிநாட்டவரை பிஷப்பாக அபிஷேகம் செய்யும்போது ராஜவிசுவாசச் சத்தியம் கேட்க வேண்டாம் என்று. மறுவருஷம் இன்னும் இரண்டு அமெரிக்கர்கள் அந்தச் சத்தியம் செய்யாமலே பிஷப் ஆனார்கள், லாம்பெத் மாளிகைச் சிற்றாலயத்தில், கான்டர்பரி ஆர்ச்பிஷப்பின் கையால்.